குண்டு கிராமமும் மின்நகரும்

பீரங்கி வகுத்த எல்லை

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690-ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையோடு சேரும் நிலத்தின் எல்லையைக் குறிக்க அவர்கள் கையாண்ட முறை விந்தையானது. பீரங்கி ஒன்றைப் பல திசைகளிலும் சுட்டனர். குண்டு சென்று விழுந்த தொலைவுக்குள் அடங்கிய ஊர்களெல்லாம் கம்பெனிக்கு உரியவை ஆயின. அவ்வூர்கள் ‘குண்டு கிராமங்கள்’ என வழங்கப்பெற்றன. ஓர் ஊர் எவருக்கு உரியது என்பதை அங்கே உழவரின் வரப்பு முடிவு செய்யவில்லை. பீரங்கியின் வீச்சு முடிவு செய்தது.

அக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் உள்நாட்டில் இருக்கிறது நெய்வேலி. அன்றைய குண்டு அந்நிலத்தை எட்டவில்லை. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட 155 மில்லிமீட்டர் பீரங்கியொன்று 2017-இல் பொக்ரானில் நடந்த சோதனையில் 40 கிலோமீட்டருக்கும் அப்பால் குண்டு வீசியது. அத்தகைய பீரங்கி இன்று தேவனாம்பட்டினத்தில் நின்று சுடுமானால், அதன் கணக்கில் நெய்வேலியும் ஒரு குண்டு கிராமமே. வானூர்தியையும் டிரோன் என்று வழங்கும் ஆளில்லா வானூர்தியையும் சேர்த்துக்கொண்டால் எந்த ஊரும் தொலைவில் இல்லை. ஆயுதத்தின் வீச்சு நீள நீளப் போர்க்களமும் அகல்கிறது. இக்காலப் போரைப் பற்றிய சிந்தனை இவ்வுண்மையிலிருந்தே தொடங்க வேண்டும்.

கார்கில் காட்டிய பாடம்

தரைப்போரில் பீரங்கியும் வான்படையும் எவ்வாறு இணைகின்றன என்பதற்கு 1999-ஆம் ஆண்டின் கார்கில் போர் தெளிவான சான்று. மலைமுகடுகளில் பதுங்கியிருந்த எதிரிகளைக் கீழிருந்து ஏறிச் சென்று வெல்வது அரிது. ஆகவே போபர்ஸ் பீரங்கிகள் முகடுகளை இடைவிடாது தாக்கின. அப்போரில் இந்தியப் பீரங்கிப்படை சுட்ட குண்டுகள் சுமார் 2,50,000. மே 26 அன்று வான்படையும் களம் இறங்கியது. தோளில் வைத்துச் செலுத்தும் ஏவுகணைகளுக்கு முதல் சில நாள்களிலேயே வானூர்திகள் சில இரையாயின. அதன்பின் அவை உயரப் பறந்து, லேசர் ஒளியால் வழிகாட்டப்படும் குண்டுகளை வீசின. ஜூன் 24 அன்று மிராஜ் வானூர்திகள் டைகர் மலையின்மீது அவ்வாறு தாக்கின.

ஆயினும் டைகர் மலை அன்று கைவசமாகவில்லை. காலாட்படையினர் இரவில் செங்குத்துப் பாறையில் கயிறு பற்றி ஏறிய பின்னரே, ஜூலை 4 அன்று, அது மீட்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் மே 29 அன்று படாலிக் பகுதியில் தம் வீரர்களை நடத்திச் சென்று உயிர் ஈந்தார்; வீர சக்கர விருது அவருக்கு அளிக்கப்பட்டது. குண்டுகள் எதிரியைத் தலைகுனிய வைக்கும். நிலத்தை மீட்பது மனிதனின் காலடியே என்பதை அம்மலைகள் காட்டின.

வானில் ஒரு கண்

கார்கிலுக்குப் பின் வந்த பெரிய மாற்றம் டிரோன். 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்த பின், இம்மாற்றத்தின் முழு உருவம் வெளிப்பட்டது. திருமண நிகழ்ச்சிகளைப் படமெடுக்கும் டிரோனைப் போன்ற எளிய கருவி, பதுங்குகுழியையும் மறைந்து நிற்கும் டாங்கியையும் கண்டு சொல்கிறது. அது தரும் படத்தைக் கொண்டு பீரங்கி குறியைத் திருத்திக்கொள்கிறது. வெடிபொருளைச் சுமந்து தானே இலக்கின்மீது மோதும் டிரோன்களும் உள்ளன. டாங்கி ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை மிகச் சொற்பம்.

இதனால் போர் விரைந்து முடியும் என்று கருதுவது பிழை. எல்லாவற்றையும் காணும் கண் இரு தரப்புக்கும் வாய்த்துவிட்டால், எவராலும் பெரும்படையை ஓரிடத்தில் திரட்ட இயலாது. திரண்ட இடத்தில் குண்டு விழும். எனவே வீரர்கள் மீண்டும் பதுங்குகுழிகளுக்குள் அடைகின்றனர், முன்னேற்றம் தடைப்படுகிறது. முன்னணியில் முடங்கிய போர் பின்னணியைத் தேடிச் செல்கிறது. எதிரியின் படையை அசைக்க இயலாதபோது, அவன் மக்களின் விளக்கை அணைக்கும் எண்ணம் எழுகிறது. 2022 அக்டோபர் முதல் உக்ரைனின் மின்நிலையங்களும் துணைமின் நிலையங்களும் ஏவுகணைகளாலும் டிரோன்களாலும் தொடர்ந்து தாக்கப்பட்டன. கடுங்குளிர் காலத்தில் நகரங்கள் வெளிச்சமும் வெப்பமும் இன்றித் தவித்தன.

இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையைத் தாக்கியபோது, அதன் முதன்மை இலக்கு எண்ணெய்க் கிடங்குகளே. 2008 அக்டோபர் 28 இரவு விடுதலைப் புலிகளின் சிறிய வானூர்தி கொழும்பின் களனிதிஸ்ஸ மின்நிலையத்தின்மீது குண்டு வீசியது. 2025 மே மாதத்தில் இந்திய எல்லையோரமாக 36 இடங்களில் ஒரே இரவில் 300 முதல் 400 டிரோன்கள் வரை ஊடுருவ முயன்றதாக இந்திய அரசு அறிவித்தது.

இடம்பெயர இயலாத நகரம்

இப்பின்னணியில் நெய்வேலியை நோக்க வேண்டும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்துக் கிணற்றில் வெளிப்பட்ட கருநிறப் பொருளை அரசின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். சோவியத் நாட்டின் உதவியோடு 1962-இல் மின் உற்பத்தி தொடங்கியது. இன்று தென்மாநிலங்கள் பலவும் நெய்வேலியின் மின்சாரத்தைப் பெறுகின்றன.

பழுப்பு நிலக்கரியில் ஈரம் மிகுதி. நெடுந்தொலைவு கொண்டு செல்வது கட்டுப்படியாகாது. ஆகவே சுரங்கத்தின் வாயிலிலேயே மின்நிலையம், அதன் அருகிலேயே தொழிலாளர் வாழும் வட்டங்கள், பள்ளிகள், மருத்துவமனை என்று நகரம் அமைந்தது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் இயங்கும். இறைப்பதற்கும் மின்சாரம் வேண்டும். பெரிய மின்மாற்றி ஒன்று பழுதானால் புதியது செய்து நிறுவ ஓராண்டுக்கும் மேல் ஆகலாம். படைமுகாமை ஓரிரவில் இடம் மாற்றலாம். நெய்வேலியை மாற்ற இயலாது.

எழுதப்பட வேண்டிய உடன்பாடு

இத்தகைய இடங்களைக் காப்பது எவ்வாறு? எதிர்ப்புப் பீரங்கிகளும் ரேடார்களும் தேவை. மாற்று மின்மாற்றிகளை இருப்பில் வைத்தல், மருத்துவமனைக்கும் குடிநீருக்கும் தனி மின்வழி அமைத்தல், 2025 மே 7 அன்று நாடெங்கும் நடந்ததைப் போன்ற குடிமைப் பாதுகாப்பு ஒத்திகைகளை முறையாக நடத்துதல் ஆகியவையும் தேவை. எனினும் மலிவான நூறு டிரோன்களில் தொண்ணூற்றொன்பதைத் தடுத்தாலும் எஞ்சிய ஒன்று போதும். ஆகவே ஆயுதக் காப்போடு அறக்காப்பும் வேண்டும்.

பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, போர் தொடங்குமுன் ஆக்களும் பெண்டிரும் பிணியாளரும் காப்பிடம் சேருமாறு அறிவித்ததை நெட்டிமையார் புறநானூற்றில் பாடியுள்ளார். அம்பு எட்டும் தொலைவே களமாக இருந்த காலத்தில் விலகிச் செல்ல இடம் இருந்தது. இன்று அந்த இடம் சுருங்கிவிட்டது. 2009-இல் வன்னியில் போர் தவிர்ப்பு வலயங்கள் என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்குள்ளும் பீரங்கிக் குண்டுகள் விழுந்ததை ஐ.நா. வல்லுநர் குழு பதிவு செய்தது.

இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று ஓர் உடன்பாடு செய்துகொண்டன. ஒருவர் மற்றவரின் அணுநிலையங்களைத் தாக்குவதில்லை என்பது அதன் உறுதிமொழி. 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் தத்தம் அணுநிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கல்பாக்கத்துக்கு அந்தக் காப்பு உண்டு, நெய்வேலிக்கு இல்லை. அப்பட்டியலில் அனல்மின் நிலையங்களும் அணைகளும் குடிநீர் நிலையங்களும் இடம்பெற வேண்டும். மின்நிலையம் படைக்கும் உதவுகிறதே என்று சிலர் மறுக்கலாம். அதே மின்சாரத்தால்தான் பச்சிளங் குழந்தையின் உயிர்காப்புப் பெட்டியும் இயங்குகிறது. போர்க்காலத்தில் காகிதத்துக்கு மதிப்பேது என்றும் கேட்கலாம். கார்கிலில் குருதி சிந்திய பின்னும் பட்டியல் பரிமாற்றம் நிற்கவில்லை என்பதே அதற்கு விடை.

வள்ளுவர் அரணுக்குத் தனி அதிகாரம் வகுத்தார். அரண் எத்துணைச் சிறப்புடையதாயினும் செயல்திறம் இல்லாதவரிடத்தில் பயனற்றது என்று அதை நிறைவு செய்தார். மதிலும் பீரங்கியும் மட்டுமே அரண் ஆகா. பகைவரோடும் அமர்ந்து எல்லை வகுக்கும் துணிவும் செயல்திறமே. 1690-இல் கடலூர்க் கரையில் பீரங்கி எல்லை வகுத்தது. இனி எந்த ஊர் போர்க்களம் ஆகும், எந்த ஊர் ஆகாது என்பதை மனிதரே வகுக்க வேண்டும்.