காயில் ஏன் சுட்டது?

பழைய மகிழுந்து வைத்திருப்போர் பலருக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. புறப்படும்போது வண்டி நன்றாக ஓடும். முக்கால் மணி நேரம் கழிந்ததும் திணறி நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடவாதது போல் மீண்டும் கிளம்பும்.

1970களில் செய்யப்பட்ட என் தந்தையாரின் வண்டிக்கும் இதுவே நேர்ந்தது. குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு அம்மாவை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். சிம்பாங் ரெங்கம் அருகே, நெடுஞ்சாலையின் அவசரத் தடத்தில் வண்டி நின்றது. லாரிகள் கடக்குந்தோறும் வண்டி குலுங்கியது. இரும்புத் தடுப்புக்கு அப்பால் புல்மேட்டில் அம்மாவை அமர்த்திவிட்டுக் காத்திருந்தேன். அன்றைய பரிசோதனை தவறிப்போயிற்று.

பட்டறையில் முதலில் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். அடுத்த முறை பிளக்குகளை மாற்றினார்கள். மூன்றாம் முறை போமன் இக்னிஷன் காயிலைத் தொட்டுப் பார்த்து, "இதுதான் சுடுகிறது" என்றார். புதிய காயில் வந்தது. ஆறு வாரத்தில் அதுவும் பழுதாயிற்று.

காயில் என்பது எரியூட்டுச் சுருள். பேட்டரியின் 12 வோல்ட்டை ஏறத்தாழ 20,000 வோல்ட்டாக உயர்த்திப் பிளக்கில் பொறி உண்டாக்குவது அதன் வேலை. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய இம்முறை 1910இல் கேடிலாக் வண்டிகளில் வந்தது. மின்னோட்டம் பாய்வதால் காயில் சுடுவது இயல்பே; நலமாக உள்ள காயிலும் கையைச் சுடலாம். ஆகவே தொட்டுப் பார்த்துத் தீர்ப்பு வழங்க இயலாது.

வண்டி நின்ற அந்தக் கணத்திலேயே சோதிக்க வேண்டும். ஆறிய பின் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். பொறி வருகிறதா என்பதை அதற்குரிய கருவி கொண்டு பார்க்க வேண்டும். வயரைக் கையால் பிடிக்கக் கூடாது. பொறி வந்தால் குறை பெரும்பாலும் எரிபொருள் பக்கம். வராவிட்டால் காயிலுக்கு மின்சாரம் வருகிறதா என்று அளக்க வேண்டும். பிறகு வயர்களைக் கழற்றி, காயிலின் மின்தடையைச் சூட்டிலும் ஆறிய பின்னும் அளந்து, கையேட்டிலுள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். சூட்டில் சற்று உயர்வது செம்பின் இயல்பு. திடீரென எகிறினாலோ தொடர்பே அற்றுப்போனாலோ காயில் பழுது. பாயிண்டுக்குப் பதிலாக மின்னணு இக்னைட்டர் உள்ள வண்டிகளில், அந்த இக்னைட்டரும் சூட்டில் இதே போல் செயலிழக்கலாம்.

காயில் பழுது என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அது ஏன் பழுதானது?

இரண்டாம் காயிலும் போனபோது அந்தக் கேள்வியைத்தான் போமனிடம் கேட்டேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தார். கால் மணி நேரத்தில் விடை கிடைத்தது. எப்போதோ வயர் மாற்றிய ஒருவர், காயிலுக்கு முன்னிருந்த பல்லாஸ்ட் ரெசிஸ்டரை விலக்கி நேரடியாக இணைத்துவிட்டிருந்தார். காயில் 1.5 ஓம், ரெசிஸ்டர் 1.5 ஓம் என்று கொள்வோம். இரண்டும் சேர்ந்தால், பாயிண்ட் மூடியிருக்கும்போது 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் வரை பாயும். காயிலில் 24 வாட் வெப்பம் உண்டாகும். ரெசிஸ்டர் இல்லையேல் 8 ஆம்பியர், 96 வாட். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகிறது. அந்நிலையில் எத்தனை புதிய காயில் பூட்டினாலும் கருகத்தான் செய்யும். ஆல்டர்நேட்டர் அளவுக்கு மீறி மின்னேற்றுவதும், எஞ்சின் ஓடாமல் சாவியைத் திருப்பியே வைத்திருப்பதும் இதே கேட்டை விளைவிக்கலாம்.

போமனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பொருளுக்குப் பணம் கொடுக்கும் நாம், சோதனைக்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோம். "பார்த்ததற்கா காசு?" என்கிறோம். பிறகு அவர் எதை விற்பார்? பொருளைத்தான் விற்பார். அந்தக் கால் மணி நேரத்திற்கு முதல் நாளே மனமுவந்து கூலி கொடுத்திருந்தால், ஒரு பம்பும் இரண்டு காயில்களும் வீணாகியிரா.

இக்குறை வகுப்பறையிலும் உண்டு. வாசிக்கத் திணறும் மாணவனுக்குப் பயிற்றிக்கு மேல் பயிற்றி கொடுக்கிறோம். அவனுக்குக் கண் பார்வைக் குறையா, எழுத்துக் குழப்பமா, வீட்டில் பசியா என்று கேட்பதில்லை. திருக்குறளின் மருந்து அதிகாரத்தை அவர்களுக்குக் கற்பிக்கும் நாமே, நோயின் காரணத்தைத் தேடாமல் மருந்தை நீட்டுகிறோம்.

ஆகவே, அடுத்த முறை "காயில் போய்விட்டது" என்று யாரேனும் சொன்னால், மாற்றச் சம்மதிக்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அளந்தீர்களா? ஏன் போனது? அளப்பதற்கான கூலியையும் தயங்காமல் கொடுங்கள்.