பத்தாயிரம் டாலர் பந்தெறிவீரர்

உங்களிடம் 50,000 டாலர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பத்து ஆட்டக்காரர்களை வாங்கி ஓர் அணி அமைக்கவேண்டும். அவர்களுள் ஒருவர் பெரும் புகழ் பெற்றவர். அவருடைய விலை மட்டும் 10,000 டாலர். பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை அவர் ஒருவருக்கே கொடுப்பீர்களா? "கொடுப்பேன், அவர்தானே சிறந்தவர்!" என்று சிலர் சொல்வீர்கள். "மாட்டேன், மற்ற ஒன்பது பேருக்குப் பணம் போதாதே!" என்று சிலர் சொல்வீர்கள். இரண்டு விடையும் அவசர விடைகள் என்பது என் கருத்து.

இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக் காலத்தில் ஏராளமானோர் நாள்தோறும் போடும் கணக்கு இது. அங்கு டிராஃப்ட்கிங்ஸ் போன்ற நிறுவனங்கள் 'தினசரி கற்பனை அணி' என்ற போட்டியை நடத்துகின்றன. அன்று உண்மையாக நடக்கப்போகும் ஆட்டங்களிலிருந்து இரண்டு பந்தெறிவீரர்களையும் எட்டு மட்டையாளர்களையும் தேர்ந்தெடுக்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு விலை உண்டு; மொத்தம் 50,000 கற்பனை டாலரைத் தாண்டக் கூடாது. மைதானத்தில் அவர்கள் செய்வதற்கேற்ப உங்கள் அணிக்குப் புள்ளிகள் சேரும்.

புகழ் பெற்ற பந்தெறிவீரர்களுக்கு ஏன் இத்தனை விலை? கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர்கள் ஓவருக்கு ஓவர் மாறுவார்கள். பேஸ்பாலில் அப்படியில்லை. ஆட்டத்தைத் தொடங்கும் பந்தெறிவீரர் களைக்கும்வரை தொடர்ந்து எறிவார். ஒரு நல்ல நாளில் ஏறத்தாழ 24 மட்டையாளர்களைச் சந்திப்பார். பிறகு நான்கைந்து நாள் ஓய்வு எடுப்பார். மட்டையாளரோ ஓர் ஆட்டத்தில் நான்கு முறை அளவில்தான் மட்டையைப் பிடிக்கிறார். 24 எங்கே, 4 எங்கே! கணக்கின் முதல் திறவுகோல் இதுதான்.

நிகழ்தகவைக் கொண்டு இதைப் பார்ப்போம். பத்து வாய்ப்பில் மூன்று முறை வெற்றிகரமாக அடிப்பவர் அங்கே சிறந்த மட்டையாளர். ஒரு முறை தவறுவதற்கு நிகழ்தகவு 0.7. நான்கு முறையும் தவறுவதற்கு 0.7 × 0.7 × 0.7 × 0.7, அதாவது சுமார் 0.24. சிறந்த மட்டையாளர்கூட நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓர் அடியும் அடிக்காமல் திரும்புவார்!

மட்டையாளர் மூன்று ஸ்ட்ரைக் பெற்று ஆட்டமிழப்பதை 'ஸ்ட்ரைக் அவுட்' என்பார்கள். பந்தெறிவீரருக்கு இதில் 2 புள்ளி. நட்சத்திர வீரர் பத்துப் பேரில் மூன்று பேரை இவ்வாறு வெளியேற்றுகிறார் என்று கொள்வோம். 24 பேரைச் சந்தித்தால் சராசரியாக ஏழு பேர் வெளியேறுவார்கள். ஒருவர்கூட வெளியேறாமல் போக நிகழ்தகவு 0.7ஐ 24 முறை பெருக்கிவரும் தொகை. போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 5,000 ஆட்டங்களில் ஒரு முறை! நிகழ்தகவு இருவருக்கும் அதே 0.3தான். வாய்ப்புகளின் எண்ணிக்கை பெருகியதால் தற்செயலின் ஆட்டம் அடங்கிவிட்டது. யாக்கோப் பெர்னூலியின் நூல் 1713இல் வெளியாகி உலகுக்கு உணர்த்திய பேரெண் விதி இங்கே வேலை செய்கிறது. ஆகவே நட்சத்திர வீரருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி திறமைக்கு விலை. மற்றொரு பகுதி நிச்சயத்துக்கு விலை.

அப்படியானால் அவரை எப்போதும் வாங்கிவிடலாமா? பொறுங்கள். பலர் 'ஆயிரம் டாலருக்கு எத்தனை புள்ளி?' என்று வகுத்துப் பார்க்கிறார்கள். நட்சத்திர வீரர் 10,000 டாலருக்கு 22 புள்ளி தருவார், சாதாரண வீரர் 6,000 டாலருக்கு 14 புள்ளி தருவார் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் ஆயிரத்துக்கு 2.2, இரண்டாமவர் சுமார் 2.3. சாதாரண வீரரே மலிவு என்று இந்த வகுத்தல் சொல்லும்.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அணியில் இடங்கள் பத்துதான். மலிவாக வாங்கி மிச்சம் பிடித்த பணத்துக்குத் தனியாக எந்தப் புள்ளியும் இல்லை. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி வேறு: நட்சத்திர வீரருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் 4,000 டாலர் 8 புள்ளிகளைக் கொண்டுவருகிறது. அதே 4,000 டாலரை மட்டையாளர்களுக்குச் செலவிட்டால் எத்தனை புள்ளி கூடும்? ஆயிரத்துக்கு 1.5 வீதம் கூடுமானால் மொத்தம் 6 புள்ளி. நட்சத்திர வீரரே மேல். ஆயிரத்துக்கு 2.5 வீதம் கூடுமானால் மொத்தம் 10 புள்ளி. அவரை விட்டுவிடுவதே மேல். விடை அவருடைய பெயரில் இல்லை. மற்ற ஒன்பது இடங்களில் இருக்கிறது. கணித அறிஞர்கள் இவ்வகைக் கணக்கை 'முதுகுப்பைக் கணக்கு' என்பார்கள். எடை தாங்கும் அளவுக்குள், மிகுந்த பயன் தரும் பொருள்களைப் பைக்குள் அடுக்குவது எப்படி என்பதே அது.

புள்ளிகளை மதிப்பிடுவதிலும் ஏமாறக் கூடாது. 2018இல் நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் 269 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அந்த ஆண்டின் சிறந்த பந்தெறிவீரருக்கான சை யங் விருதும் பெற்றார். ஆனால் அவர் கணக்கில் எழுதப்பட்ட வெற்றிகள் 10 மட்டுமே, தோல்விகள் 9! அவருடைய அணியின் மட்டையாளர்கள் போதிய ஓட்டங்களை எடுத்துக் கொடுக்கவில்லை. கற்பனை அணிப் போட்டியில் பந்தெறிவீரரின் வெற்றிக்கு 4 புள்ளி உண்டு. அது பெரும்பாலும் பிறர் கையில் இருப்பது. ஸ்ட்ரைக் அவுட்டோ பெரும்பாலும் அவர் கையில் இருப்பது. எது திறமை, எது சூழ்நிலை என்று பிரித்து எண்ணுவதே அறிவியல் முறை.

இடமும் கணக்கை மாற்றும். டென்வர் நகரின் கூர்ஸ் ஃபீல்ட் மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. அடித்த பந்து அதிகத் தொலைவு பறக்கும். சுழற்றி எறிந்த பந்து குறைவாக வளையும். இரண்டுமே பந்தெறிவீரருக்குப் பாதகம். நம் நட்சத்திர வீரரின் மதிப்பீடு 22இலிருந்து 19ஆகக் குறைந்தால், கூடுதல் 4,000 டாலருக்குக் கிடைப்பது 5 புள்ளி மட்டுமே. மட்டையாளர்கள் தரும் 6 புள்ளி இப்போது மேலாகிவிடுகிறது. வீரர் அவரே, விலையும் அதுவே. முடிவு மட்டும் தலைகீழ்!

போட்டியின் தன்மையையும் கவனியுங்கள். சரிபாதிப் பேருக்குப் பரிசு என்றால் நிச்சயம் தரும் வீரர் தேவை. ஆயிரக்கணக்கானோரில் முதல்வருக்கே பெரும் பரிசு என்றால், எல்லாரும் வைத்திருக்கும் வீரர் எவ்வளவு பிரகாசித்தாலும் நீங்கள் மற்றவர்களை முந்த முடியாது. நிச்சயத்துக்குக் கொடுக்கும் விலை ஓரிடத்தில் இலாபம், வேறோரிடத்தில் வீண்.

இவ்வளவு நுட்பமான கணக்கு என்பதால் பணம் கட்டி ஆடலாமா? கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அணியை வாங்கும் டாலர்தான் கற்பனை. நுழைவுக் கட்டணம் உண்மையான பணம். அதில் ஒரு பங்கை நடத்துபவர் எடுத்துக்கொண்டு மீதியைத்தான் பரிசாகப் பிரிக்கிறார். ஆகவே ஆடுபவர்கள் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் போட்டதைவிடக் குறைவாகவே திரும்பக் கிடைக்கும். இதற்கு விதிவிலக்காகச் சிலர் இருக்கலாம். அந்தச் சிலரில் நாமும் ஒருவர் என்று எல்லாருமே நம்புவதால்தான் தொழில் நடக்கிறது. அமெரிக்காவிலேயே பெரும்பாலான மாநிலங்களில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதியில்லை.

இன்னொன்றும் உண்டு. சரியாகக் கணக்கிட்டு வாங்கிய நட்சத்திர வீரர் ஒருநாள் மோசமாக எறியலாம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவர் அன்று வெல்லலாம். பணம் போனவருக்கு இதைப் பொறுமையாக எண்ணிப்பார்க்க மனம் வராது. நோட்டுப் புத்தகத்தில் ஆடுபவருக்கு வரும். ஆட்டத்துக்கு முன்பே உங்கள் மதிப்பீட்டையும் காரணத்தையும் எழுதிவையுங்கள். ஐம்பது ஆட்டங்களுக்குப் பிறகு மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள். ஒருநாள் முடிவைக் கண்டு உங்கள் கணக்கைப் பாராட்டவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். பெர்னூலி சொன்னது பந்தெறிவீரருக்கு மட்டுமன்று. நம் தீர்மானங்களுக்கும் அது பொருந்தும்.