சினிமாவும் சமூக ஒழுக்கமும்

சினிமாப் படங்களில் வரும் காமக் காட்சிகளும், இரத்தக் களரியும், வசைச் சொற்களும் ஜன சமூகத்தின் ஒழுக்கத்தைக் கெடுக்கின்றனவா என்னும் விவாதம் புதியதன்று. கெடுக்கின்றன, ஆதலால் சென்ஸாரின் கத்திரிக்கோலை இன்னும் கூர்மையாக்க வேண்டுமென்பர் ஒரு சாரார். சினிமா வெறும் பொழுதுபோக்கு, அதனால் எவருக்கும் தீங்கில்லை என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் முழு உண்மையாகா என்பதே நமது அபிப்பிராயம்.

முதற்கண் கத்திரிக்கோலின் சரித்திரத்தைக் கவனிப்போம். இந்நாட்டில் 1918-ஆம் வருஷத்தில் சினிமாச் சட்டத்தை இயற்றியவர் அந்நிய ஆட்சியாளர். ஜனங்களின் ஒழுக்கத்தைக் காப்பதற்கென்றே அதிகாரம் பெற்றதாகச் சொன்னார்கள். ஆயினும் 1921-இல் வெளிவந்த ‘பக்த விதுரர்’ படம் சென்னை மாகாணத்தில் தடை செய்யப்பட்டதேன்? அதில் விதுரர் மஹாத்மா காந்தியின் சாயலில் தோன்றினார். அப்படத்தின் குற்றம் ஆபாசமன்று, அரசியல். பின்னர் 1927-இல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் மூன்று இந்தியரும் மூன்று ஆங்கிலேயரும் அடங்கிய கமிட்டி நியமிக்கப்பட்டது. மேனாட்டுப் படங்கள் இந்தியரின் ஒழுக்கத்தைக் குலைக்கின்றன என்ற கூக்குரல் மிகையானதென்று அக்கமிட்டியே அடுத்த வருஷம் அறிக்கையில் கூறிற்று. ஒழுக்கத்தின் பெயரால் பெறப்படும் அதிகாரம் வேறு காரியங்களுக்கும் பயன்படும் என்பதை நாம் மறக்கலாகாது.

அப்படியாயின் சினிமாவால் தீங்கே இல்லையோ? அவ்வாறும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் ஆல்பர்ட் பண்டுரா என்னும் மனோதத்துவ அறிஞரும் அவர் துணைவர்களும் 1963-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பெரியவர் ஒருவர் பொம்மையை அடித்து உதைப்பதைப் படத்தில் கண்ட சிறுவர்கள், அதைக் காணாத சிறுவர்களைவிட மிகுதியாகத் தாமும் பொம்மையை அடித்தார்கள். பொம்மையை அடிப்பது கொலைபாதகமன்று என்பது மெய்யே. ஆனால் குழந்தைகள் கண்டதைச் செய்வார்கள் என்பது இதனால் விளங்குகின்றது.

வயது வந்தவர் விஷயத்திலோ, என்ன காட்டப்படுகின்றது என்பதைவிட, காட்டியதைப் படம் மெச்சுகின்றதா, இகழ்கின்றதா என்பதே பெரிது. பூலன் தேவியின் வாழ்க்கையைக் கூறும் ‘பாண்டிட் குவீன்’ படத்தில் ஒரு ஸ்திரீ நிர்வாணமாக்கப்பட்டு அவமதிக்கப்படும் காட்சி உண்டு. அக்காட்சி காண்போருக்குக் காமத்தை மூட்டுவதன்று, கொடியோர்மீது அருவருப்பை எழுப்புவது என்று 1996-இல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்து, வயது வந்தோர் பார்க்க அனுமதித்தனர். மறுபுறம், விருப்பமில்லையென்று சொல்லும் பெண்ணைக் கதாநாயகன் வீதிதோறும் பின்தொடர்வதும், இறுதியில் அவள் அவனையே விரும்புவதும் நம் தமிழ்ப் படங்களில் எத்தனை! அதில் இரத்தமில்லை; வசைமொழியில்லை; குடும்பத்தோடு காணும் படமென்று சான்றும் கிடைக்கும். அச்செய்கை 2013 முதல் தண்டனைக்குரிய குற்றம். சட்டம் குற்றமென்பதைத் திரை வீரமென்று கொண்டாடுமாயின், வாலிபர் எதைக் கற்பர்? ஒரு வசைச் சொல்லை ஊமையாக்கிவிட்டு இதை விட்டுவிடும் சென்ஸார், கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகின்றது.

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று. குழந்தைகளைக் காப்பதில் தளர்ச்சி கூடாது. 2023-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தால் ஏழு, பதின்மூன்று, பதினாறு என வயதுப் பாகுபாடுகள் ஏற்பட்டுள்ளன. ஆனால் இவை பெற்றோருக்கு எச்சரிக்கையே, தடையல்ல. கைபேசியைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, பெற்றோர் வேறுபுறம் பார்த்திருந்தால் எச்சரிக்கையால் பயனென்ன? ஆதலின் அவற்றைப் பெற்றோர் மதித்து நடத்தல் வேண்டும். வயது வந்தோர்க்குரிய படங்களுக்குச் சிறுவரை அனுமதியாத விதியைக் கொட்டகைக்காரர்கள் வாயிலிலேயே நிறைவேற்றுதல் வேண்டும். மூன்றாவதாக, பெண்களை இழிவு செய்யும் படங்களைப் பத்திரிகைகளும் பொதுஜன ஊழியர்களும் கூசாமல் கண்டிக்க வேண்டும். வயது வந்த பிரஜை எதைக் காணலாமென்று சர்க்கார் தீர்மானிப்பது சுயராஜ்யத்துக்கு அழகன்று. கண்டதில் நன்று எது, தீது எது என்று ஆராய்ந்து உரைக்கும் ஜனங்களே ஒழுக்கத்துக்கு மெய்யான காவலர்.