கரிச்சுவரும் ஒரு வாளி சுண்ணாம்பும்



எங்கள் வீட்டில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஓர் இடம் இருந்தது. அது குசினியின் பின்சுவர். 2013 ஆம் ஆண்டு வீட்டுத்திட்டத்தில் வீடு எழும்பியபோது கடைசிக் கட்டக் காசு விறாந்தையையும் அறைகளையும் பூசியதோடு முடிந்துவிட்டது. குசினி வெறும் சீமெந்துக் கல்லாகவே நின்றது. பூசாத கல்லின் சொரசொரப்பில் ஏறிய கரி இறங்காது. கை பட்டால் கை கறுக்கும், சேலை பட்டால் சேலை கறுக்கும். பகலிலும் விளக்கு வேண்டும். யாராவது வந்தால் குசினிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கதைப்பேன்.

இதை வெளியே சொல்லக் கனகாலம் கூச்சமாக இருந்தது. 2009 இல் தறப்பாளுக்குள் கிடந்தவர்கள் நாங்கள். கல்வீடு கிடைத்த பிறகு அதிலே ஒரு சுவர் பிடிக்கவில்லை என்றால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "தந்ததுக்குக் குறை சொல்லக்கூடாது" என்று எங்கள் கூட்டங்களிலும் பல சகோதரிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நன்றி வேறு, விருப்பம் வேறு என்பது என் எண்ணம். அந்தச் சுவருக்கு முன்னால் நாளுக்கு ஐந்தாறு மணித்தியாலம் நிற்கிறவள் நான். அது பிடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ஆனாலும் என்னை எழுப்பி வேலை செய்ய வைத்தது அழகு அல்ல, மாமியின் இருமல். கிளினிக்கில் மருந்து கொடுத்துவிட்டு, "அம்மா அடுப்படியிலா இருக்கிறவ?" என்று கேட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2020 ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள் எழும் புகையினால் உலகில் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இரண்டு இலட்சத்துக்கும் மேல். சுவரிலே ஒட்டியிருக்கும் கரியில் ஒரு பங்கு எங்கள் நெஞ்சுக்குள்ளும் போகிறது. ஆகவே முதலில் புகை, பிறகுதான் சுவர். புகையை விட்டுவிட்டு வெள்ளையடித்தால் இரண்டு மாதத்தில் பழைய கோலம்தான்.

மூன்று கல் அடுப்பில் நெருப்பு நாலு பக்கமும் சிதறும், விறகு அரைகுறையாக எரியும், அதனால்தான் அவ்வளவு புகை. சந்தையில் அனகி அடுப்பு என்று ஒரு மண் அடுப்பு விற்கிறார்கள். அதற்கு இரண்டு வாய். முன்வாயில் உலை கொதிக்க, மிஞ்சிய சூட்டில் பின்வாயில் கறி வேகும். அதை வாங்கி அப்படியே நிலத்தில் வைத்துவிடக்கூடாது. புற்றுமண்ணோடு உமியும் கொஞ்சம் சாம்பலும் சேர்த்துக் குழைத்து, சுற்றிவரத் தடிப்பாக அணைத்து, சாணகத்தால் மெழுகி, நன்றாகக் காயவிட்டுத்தான் நெருப்பு மூட்டவேண்டும். ஈரத்தோடு மூட்டினால் வெடிக்கும். விறகையும் மெல்லியதாகப் பிளந்து மழை படாமல் அடுக்கி வையுங்கள். ஈர விறகுக்கு எந்த அடுப்பும் மருந்தல்ல.

அடுத்தது யன்னல். எங்கள் குசினி யன்னலுக்குக் கம்பி போட்டிருந்தார்கள், கதவு போடவில்லை. நான் தற்காலிக வீட்டிலிருந்து கழற்றிய தகரத்தை அதிலே ஆணி அடித்து மூடியிருந்தேன். 2011 ஆவணி மாதக் கிறீஸ் பூதக் கதைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆண் துணை இல்லாத வீடுகளில் நாங்கள் இரவிரவாக விழித்திருந்தோம். அந்தப் பயத்தில் அடித்த தகரம் புது வீட்டுக்கும் வந்து, பிறகு வருடக்கணக்காக அப்படியே இருந்துவிட்டது. காற்று வந்தாலும் புகை போனாலும் அதைக் கழற்ற வேண்டும். கழற்றினால் இரவில் என்ன செய்வது?

மைத்துனிதான் வழி சொன்னாள். தகரத்தை எறியவில்லை. பழைய மரச்சட்டம் நாலை இணைத்து, அதில் தகரத்தை அடித்து, மேற்பக்கம் இரண்டு பிணைச்சல் போட்டோம். பகலில் வெளிப்பக்கமாக உயர்த்தி ஒரு தடியால் முண்டு கொடுத்தால் யன்னலுக்குத் தாழ்வாரம் போல நிற்கும், மழைச் சாரலும் உள்ளே வராது. இரவில் இறக்கி உள்ளிருந்து கொண்டி போடலாம். கம்பிக்கு உட்புறம் நுளம்பு வலை அடித்தோம். தகரத்தின் ஓரம் கையை வெட்டும், சுற்றிவர மடித்துத் தட்டிவிடுங்கள். ஆணி பிடுங்கிய அன்று பின்னேரம் மாமி யன்னலடியில் கதிரையைப் போட்டு இருந்து, வெளியே மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா. அவ அந்தப் பக்கத்து வெளியைக் குசினிக்குள் இருந்து பார்த்தது அன்றுதான் முதற்தடவை.

இனிச் சுவர். பெயின்ற் விலை உங்களுக்குத் தெரியும். குசினிக்கு அது தேவையுமில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் சுண்ணாம்பால் நின்றவை. அந்த மண்ணுக்கு அடியில் இருப்பதே சுண்ணாம்புக்கல். சுட்டு நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால் அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்துத் திரும்பவும் கல்லாக இறுகும். சுவருக்குள் இருக்கும் ஈரத்தையும் வெளியே விடும், பூஞ்சணமும் இலேசில் பிடிக்காது.

கரியின்மேல் நேரே பூசாதீர்கள். மண்ணிறக் கறை மேலே ஊறிவரும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு தும்புத்தடியால் தட்டி இறக்கி, சாம்பலும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துக் கழுவவேண்டும். எங்களுக்கு ஒரு முழுநாள் எடுத்தது, மகளின் முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. (கூரை அஸ்பெஸ்ரஸ் தகடு என்றால் அதைச் சுரண்டவே வேண்டாம். அதிலிருந்து எழும் தூசு சுவாசப்பைக்குக் கேடு.) கல்லிலுள்ள ஓட்டைகளை, அரித்த மணல் மூன்று பங்குக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு குழைத்து அடைத்தோம்.

கடையில் நீற்றிய சுண்ணாம்புத் தூளாகவே கேட்டு வாங்குங்கள். நீற்றாத சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். தூளை முதல்நாளே தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் பழஞ்சேலைத் துண்டால் வடித்து, பால் பதத்துக்குக் கரையுங்கள். ஒரு வாளிக்கு ஒரு பிடி உப்பும், வடித்த கஞ்சி ஒரு கோப்பையும் போதும். கஞ்சி விட்டால் காய்ந்தபின் கையில் ஒட்டாது. வெள்ளை எடுப்பாகத் தெரிய, உடுப்புக்குப் போடும் நீலம் சிறிது சேர்க்கலாம். கைக்குத் தேங்காயெண்ணெய் பூசி, சொப்பின் பாக் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணில் தெறித்தால் கசக்கவேண்டாம். உடனே நிறையத் தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சுவரை நனைத்துவிட்டுப் பூசவேண்டும். முதல் பூச்சு பூசியவுடன் மனம் விட்டுப்போகும், தண்ணீர் அடித்தது போலத்தான் தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். தடிப்பாகப் பூசினால் உரிந்துவிடும்; மெல்லியதாக, நாளுக்கு ஒன்றாக மூன்று பூச்சு. ஏற்கெனவே பெயின்ற் அடித்த சுவரில் இது பிடிக்காது. கீழே ஒரு முழ உயரத்துக்குக் காவி கரைத்துப் பூசினோம், மண் தெறித்தாலும் தெரியாது.

அடுப்பு, சுண்ணாம்பு, பிறஸ், பிணைச்சல், வலை, ஆணி எல்லாமாக எனக்கு ஐயாயிரம் ரூபாவுக்குள் முடிந்தது. மேசனைப் பிடித்திருந்தால் இரண்டு நாள் கூலிக்கே காணாது. இடத்துக்கிடம் விலை மாறும், விசாரித்து வாங்குங்கள்.

"சமைக்கிற இடம் வெள்ளையாய் இருந்து என்ன, பிள்ளை, நாளைக்குக் கறுக்கத்தானே போகுது" என்று மாமி சொன்னா. கறுக்கத்தான் செய்யும். ஆனால் வெள்ளைச் சுவரில் கரி எங்கே படிகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. அடுப்புக்கு நேர் மேலே ஒரு பக்கம் கறுத்ததைக் கண்டுதான் பின்வாயில் சட்டி வைக்காத நேரங்களில் புகை கூட வருகிறதென்று பிடித்தோம். இப்போது அந்த வாயைச் சும்மா விடுவதில்லை, சுடுதண்ணீராவது வைக்கிறோம். மாமியின் இருமல் நின்றுவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன், மருந்தும் எடுக்கிறா. இரவில் எழும்பி இருந்து இருமுவது குறைந்திருக்கிறது. மகள் யன்னல் வெளிச்சத்தில் பாய் போட்டுப் படிக்கிறாள்.

மிஞ்சிய சுண்ணாம்பைக் கொட்டவேண்டாம். மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க மூடிவைத்தால் கெடாது, நாட்பட்டால் இன்னும் மெதுவாகும். என்னுடையது ஒரு பழைய மண்பானைக்குள், பிள்ளைகளின் கை எட்டாத உயரத்தில் இருக்கிறது. தைப்பொங்கலுக்கு முன் இன்னொரு பூச்சு. பக்கத்து வீட்டுத் தங்கச்சியும் அரைவாளி கேட்டிருக்கிறாள், அவளுடைய குசினி என்னுடையதிலும் கறுப்பு.