முதல் தோற்றத்துக்கு என்ன விலை?

— பத்தாம் வகுப்பு மாணவி

பத்து சென்ட் விலையிட்ட ஒரு சித்திரக்கதை இதழ். அதன் ஒரு பிரதி 2014-ஆம் ஆண்டில் 32 லட்சம் டாலருக்கும், வேறொரு பிரதி 2024-ஆம் ஆண்டில் 60 லட்சம் டாலருக்கும் விற்றது. இதை வீட்டில் நான் வாசித்துக் காட்டியபோது, "அந்த மனுஷருக்கு வேறு வேலை இல்லையா?" என்று பாட்டி கேட்டார். அப்பா சிரித்தார். அண்ணன் மட்டும், "பாட்டி, அது சூப்பர்மேனுடைய முதல் தோற்றம்!" என்று பெருமூச்சு விட்டான்.

1938-ஆம் ஆண்டு ஜூன் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ்தான் அது. ஸ்பைடர்மேன் முதன்முதலாக வந்த 1962 ஆகஸ்ட் மாத 'அமேசிங் ஃபேன்டஸி' 15-ஆம் இதழ் 12 சென்டுக்கு விற்றது. 2021-இல் அதன் ஒரு பிரதி 36 லட்சம் டாலருக்குப் போயிற்று. உலகத்தில் எத்தனையோ நல்ல கதைகள் இருக்க, 'முதல்' என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை விலையா? அந்த விலை தகுமா என்பதைப் பற்றித்தான் நான் என் கருத்தை எழுத விரும்புகிறேன். சித்திரக்கதை என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோரும் சிஸ்டர்களும் சற்றுப் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

முதலில் ஒன்று. முதல் தோற்றத்தில் நமக்குத் தெரிந்த சூப்பர்மேன் இல்லவே இல்லை! அவர் பறக்கவில்லை, தாவுகிறார். இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டிக் குதிப்பார், அவ்வளவுதான். அவர் பிறந்த கிரகத்துக்குப் பெயர் கிடையாது. 'கிரிப்டன்' என்ற பெயர் 1939-இல்தான் வருகிறது. அவர் வேலை பார்க்கும் பத்திரிகை 'டெய்லி பிளானட்' அல்ல, 'டெய்லி ஸ்டார்'. படம் வரைந்த ஜோ ஷஸ்டர் கனடாவின் டொரன்டோ நகரில் பிறந்தவர். அந்த ஊரின் 'ஸ்டார்' பத்திரிகை அவர் மனத்தில் இருந்தது. மெட்ரோபோலிஸ் என்ற ஊர்ப் பெயர் 1939 செப்டம்பரில் 16-ஆம் இதழில்தான் வருகிறது. அவர் வளர்ந்த ஸ்மால்வில் என்ற சிற்றூருக்குப் பெயர் வைக்க 1949 ஆயிற்று. பதினோரு வருடம் ஒரு பிள்ளை ஊர்பேர் இல்லாமலே வளர்ந்திருக்கிறது!

பேட்மேன் கதையும் அப்படித்தான். 1939 மே மாதம் 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27-ஆம் இதழில் ஊதாக் கையுறையுடன் வருகிறார். அவருடைய பெற்றோர் கொலையுண்ட கதை, அவரைப் பற்றி நாம் முதலில் அறிந்திருக்கிற அந்தச் செய்தி, ஆறு இதழ் கழித்துத்தான் சொல்லப்படுகிறது. காதம் நகரம் 1940-ஆம் ஆண்டின் முடிவில்தான் பெயர் பெறுகிறது. கதாசிரியர் பில் ஃபிங்கர் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டும்போது ஒரு நகைக்கடையின் பெயரில் 'காதம்' என்ற சொல்லைக் கண்டாராம். அதையே ஊருக்கு வைத்துவிட்டார். இன்று எல்லாரும் அஞ்சும் ஆர்க்கம் மனநோய் மருத்துவமனையோ 1974-இல்தான் கட்டப்பட்டது. அதாவது, வரையப்பட்டது.

ஆகவே, மனிதர்கள் முதலில் வருகிறார்கள். அவர்கள் நிற்க இடம் பிறகுதான் கிடைக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஏனென்று சொல்லத் தெரியவில்லை.

எது முதல் தோற்றம் என்பதிலேயே சண்டை உண்டு. வுல்வரின் என்பவர் 1974-இல் 'ஹல்க்' 180-ஆம் இதழின் கடைசிக் கட்டத்தில் தலைகாட்டுகிறார். 181-ஆம் இதழில்தான் முழுமையாக வருகிறார். சேகரிப்பவர்கள் 181-க்குத்தான் அதிக விலை கொடுக்கிறார்கள். அப்படியானால் 'முதல்' என்பதைத் தீர்மானிப்பது கதையா, சந்தையா? நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். முத்து காமிக்ஸ் 1972-இல் தன் முதல் இதழில் 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்டது. அவர் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' இதழில் 1962-இலேயே வந்துவிட்டவர். ஆனால் அந்தக் காலத்தில் சிறுவர்களாய் இருந்த தமிழ்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், 1962 என்று ஒருவராவது சொல்வாரா? அவர்களுக்கு அவர் பிறந்த ஆண்டு 1972தான். தமிழில் பேசினால்தானே நமக்கு அறிமுகம்!

இனி என் உண்மையான மனக்குறைக்கு வருகிறேன். பெண்கள் எப்படி முதன்முதலாக வருகிறார்கள் என்று பார்த்தேன்.

1961 நவம்பரில் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' முதல் இதழில் நால்வருக்கு அபூர்வ சக்தி கிடைக்கிறது. ஒருவர் ரப்பராய் நீள்கிறார், ஒருவர் பாறையாகிறார், ஒருவன் தீயாகிறான். கூட இருந்த சூ ஸ்டார்ம் என்ற பெண்ணுக்குக் கிடைத்த சக்தி என்ன? யார் கண்ணுக்கும் தெரியாமல் போவது! இரும்புக்கை மாயாவிக்கும் அதே சக்திதான். ஆனால் அவர் மறைந்தாலும் அந்தக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். சூவுக்கு அதுவும் இல்லை. அவளால் பயனில்லை என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். 1963-இல் 11-ஆம் இதழிலேயே அதற்குப் பதில் வந்தது: ஆபிரகாம் லிங்கனின் தாயை எண்ணிப் பாருங்கள், அவர் இல்லாமல் லிங்கன் ஏது என்று அவளுடைய தோழர்கள் வாதாடுகிறார்கள். அவளைக் காப்பாற்ற வந்த அந்த வாதமே எனக்குக் குட்டு வைத்தது போலிருந்தது. அவள் எதையும் செய்ததாகச் சொல்லாமல், பெரிய மனிதரின் தாயைச் சொல்லி நியாயப்படுத்துவானேன்? நல்லவேளை, 1964 ஜனவரியில் 22-ஆம் இதழில் கண்ணுக்குத் தெரியாத கவசத்தை எழுப்பும் ஆற்றல் அவளுக்கு வருகிறது. அதற்குப் பிறகு மற்ற மூவரையும் காப்பது எத்தனையோ முறை அவள்தான். ஆனால் 'மறையும் சிறுமி' என்ற பொருள் தரும் பட்டம் மாறி 'மறையும் பெண்' ஆவதற்கு 1985 வரை காத்திருந்தாள். அதற்குள் அவள் ஒரு பிள்ளைக்குத் தாயாகிவிட்டாள்!

வொண்டர் உமன் கதை இதற்கு நேர்மாறு. 1941-ஆம் ஆண்டின் இறுதியில் 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' 8-ஆம் இதழில் அவள் வருகிறாள். ஆண்கள் இல்லாத தீவின் அரசி மகள். வெளியுலகுக்குப் போகத் தகுந்த பெண் யார் என்று போட்டி வைக்கிறார்கள். கலந்துகொள்ளக் கூடாது என்று தாய் தடுக்கிறாள். மகளோ முகமூடி அணிந்து போய் எல்லாரையும் வென்றுவிடுகிறாள். (தாய் சொல்லைத் தட்டியதை நான் ஆதரிப்பதாக அம்மா நினைக்க வேண்டாம்.) இவ்வளவு நல்ல தொடக்கம் யாருக்கு அமையும்? ஆனால் அடுத்த ஆண்டே அவளை மாவீரர்கள் சங்கத்தில் சேர்த்து என்ன பதவி கொடுத்தார்கள் தெரியுமா? செயலாளர்! வீரர்கள் போருக்குப் புறப்படுவார்கள். அவள் குறிப்பெழுதிக்கொண்டு இருப்பாள். முதல் தோற்றம் பெரிதாக இருந்தும் பயன் என்ன?

இவர்களையெல்லாம் விட எனக்குப் பிடித்தவள் லாய்ஸ் லேன்தான். 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழை மறுபதிப்பில் நான் வாசித்தபோது சூப்பர்மேனை விட்டுவிட்டு இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் அவளுக்குக் கொடுக்கும் வேலை, கண்ணீர் வரவழைக்கும் கதைகளை எழுதுவது. அதில் அவளுக்குச் சலிப்பு. நடனமாடும் இடத்தில் ஒரு முரடன் குறுக்கே வந்து, தன்னுடன் ஆட வேண்டும் என்று வற்புறுத்துகிறான். கிளார்க் கென்ட் பயந்தவர் போல் நடித்து ஒதுங்குகிறார். லாய்ஸ் அவன் கன்னத்தில் ஓர் அறை விடுகிறாள்! கிளார்க்கைக் கோழை என்று சொல்லிவிட்டு நடக்கிறாள். அவளுக்கு எந்த அபூர்வ சக்தியும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு அந்தக் கும்பல் அவளைக் கடத்த, சூப்பர்மேன் காரைத் தூக்கி அடித்து நொறுக்குகிறார். புகழ்பெற்ற அட்டைப்படம் அதுதான். மறுநாள் அவள் நடந்ததை ஆசிரியரிடம் சொல்கிறாள். அவர் நம்பாமல் கேலி செய்கிறார். உலகத்தின் மிகப் பெரிய செய்தியை முதலில் கொண்டு வந்தவள் ஒரு பெண். அதை நம்பத்தான் ஆள் இல்லை.

அதே பதின்மூன்று பக்கக் கதையில், மனைவியை அடிக்கும் ஒருவனைச் சூப்பர்மேன் தடுக்கிறார். அவன் கத்தியால் குத்த, கத்தி உடைகிறது. அவன் மயங்கி விழுகிறான். பொய்க் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்ற ஒரு பெண்ணைக் கடைசி நிமிடத்தில் மீட்கிறார். அயல் கிரகத்து அரக்கர்கள் ஒருவரும் அதில் இல்லை. பின்னால் வந்த கதைகளில் அவர் கிரகங்களையே நகர்த்துகிறார். ஆனால் அடுத்த வீட்டில் அடி வாங்கும் பெண்ணின் சத்தம் அவர் காதில் அவ்வளவாக விழவில்லை. அண்ணன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "சக்தி வளர வளரப் பகைவனும் வளர வேண்டாமா?" என்கிறான். சக்தி வளர்ந்தால் காதும் கூர்மையாக வேண்டும் என்பது என் பதில். இன்னும் பேச்சு முடியவில்லை.

இதற்காக, முதலில் வந்ததே சிறந்தது என்று நான் வாதாடவில்லை. மறைக்கல்வி வகுப்பில் திருத்தூதர் பணி நூலைப் படித்தோம். அதில் புனித சின்னப்பர் எங்கே முதன்முதலாக வருகிறார்? புனித முடியப்பரைக் கல்லால் எறிந்து கொல்லும் இடத்தில்! எறிகிறவர்கள் தங்கள் மேலாடைகளைச் சவுல் என்னும் இளைஞரின் காலடியில் வைக்கிறார்கள். அவ்வளவுதான் அவருடைய அறிமுகம். அங்கேயே நூலை மூடி வைத்திருந்தால் நமக்கு அவர் கொலைக்குத் துணிமணி காத்தவர் மட்டுமே. ஆனால் புனித லூக்காஸ் அந்த வரியை மறைக்கவும் இல்லை. முதல் தோற்றத்தை எப்படி எழுதுவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பணத்தைப் பற்றி ஆரம்பித்தேன், அதையும் முடித்துவிடுகிறேன். அந்தப் பதின்மூன்று பக்கங்களை உருவாக்கிய ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற கிளீவ்லண்டு நகரத்து இளைஞர்களுக்கு அப்போது வயது இருபத்து மூன்று. 1938-இல் அவர்கள் 130 டாலருக்குச் சூப்பர்மேனின் முழு உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 1947-இல் வழக்குத் தொடுத்த பிறகு கதையிலிருந்து அவர்கள் பெயரே எடுக்கப்பட்டது. ஷஸ்டருக்குப் பார்வை மங்கிப்போயிற்று. பத்திரிகைகளில் இவர்கள் வறுமை வெளிவந்து பலரும் குரல் கொடுத்த பிறகு, 1975-ஆம் ஆண்டின் முடிவில் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், பெயர் போடும் உரிமையும் கிடைத்தன. பேட்மேனின் முதல் கதையை எழுதிய பில் ஃபிங்கர் 1974-இல் இறந்தார். 'உருவாக்கியவர்' என்ற வரிசையில் அவர் பெயர் சேர்ந்தது 2015-இல்! லாய்ஸ் லேனுக்கு முகம் கொடுத்தவள் ஜோஆன் என்ற பள்ளி மாணவி. செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து ஷஸ்டருக்கு மாதிரியாக அமர்ந்தவள். பின்னாளில் சீகலை மணந்தாள். அவளும் கணவருடைய உரிமைக்காக விடாமல் போராடியிருக்கிறாள். முகத்தை மட்டுமா கொடுத்தாள், லாய்ஸின் பிடிவாதமும் அவளுடையதுதான் போலும்.

எனவே பாட்டியின் கேள்விக்கு என் பதில் இது: அறுபது லட்சம் கொடுத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பணம், அவர் ஆசை. ஆனால் அவ்விதழ்கள் பெரும்பாலும் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிடப்பட்டு இருக்கின்றன. திறந்தால் மதிப்புக் குறைந்துவிடுமாம். லாய்ஸ் விடும் அறையை அவற்றின் சொந்தக்காரர்கூட அதில் பார்க்க முடியாது! மறுபதிப்பு வாங்கிய நாங்கள்தான் பார்க்கிறோம்.

ஆகையால் நூலகப் பொறுப்பிலுள்ள சிஸ்டருக்கு ஒரு வேண்டுகோள். நம் நூலகத்தில் புனிதர் வரலாறுகளும் அறிஞர் வரலாறுகளும் உள்ள அலமாரிக்குப் பக்கத்தில், இப்படிப்பட்ட முதல் கதைகளின் மறுபதிப்புகளுக்கு ஒரு தட்டு ஒதுக்கலாமா? 1967 ஜனவரியில் முதன்முதலாக வந்த பார்பரா கார்டன் என்ற பேட்கேர்ள், தொழிலால் ஒரு நூலகர் என்பதைச் சிஸ்டரின் கவனத்துக்குக் கொண்டு வருகிறேன். மாறுவேட விருந்துக்குப் போகும் வழியில் ஒருவரைக் கடத்த முயலும் திருடனைக் கண்டு, விருந்தை விட்டுவிட்டுக் குதித்தவள் அவள்.

அண்ணன் தன் மறுபதிப்புப் புத்தகம் ஒன்றைத் தரச் சம்மதித்திருக்கிறான். அட்டை கொஞ்சம் கிழிந்திருக்கிறது. நான் பழுப்புத்தாள் போட்டு ஒட்டியிருக்கிறேன். சிஸ்டர் சரி என்றால், பதினொன்றாம் வகுப்பில் சேர வரும் அன்றே கொண்டு வந்து தருகிறேன்.