அன்னதானமும் அசைபோடும் வயிறும்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் யாரும் பசியோடு நடக்க வேண்டியதில்லை. சாம்பார் சாதமும் வெண்பொங்கலும் தொன்னை தொன்னையாக நீட்டப்படுகின்றன. விடியும்போது மிச்சம் பாதையோரம் குவிந்து கிடக்கிறது. மாடுகள் தேடி வருகின்றன. வாயில்லாச் சீவனின் வயிற்றுக்குத்தானே போகிறது என்று பார்ப்பவர் மனம் ஆறுகிறது. கேள்வி கேட்க வேண்டியது அந்த ஆறுதலைத்தான். அளவு மீறிய சோறு மாட்டுக்கு நஞ்சு.

மாடு தின்பதை முதலில் செரிப்பது மாடு அல்ல. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள். நாரைப் பொறுமையாக நொதிக்க வைப்பதே அவற்றின் தொழில். வைக்கோலையும் புல்லையும் அசைபோடும் பசுவுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல்கூட உமிழ்நீர் சுரக்கும். அதிலுள்ள சோடா உப்பு, இரைப்பையில் ஊறும் அமிலத்தைத் தணித்துவிடும். சோற்றை அசைபோட ஒன்றுமில்லை, உமிழ்நீர் குறைகிறது. வெந்த அரிசியின் மாவுச்சத்தோ சில மணி நேரத்தில் புளித்துவிடுகிறது. லாக்டிக் அமிலம் பெருகி, 6-க்கு மேல் இருக்க வேண்டிய பி.எச். அளவு 5-க்கும் கீழே இறங்கினால், நாரைச் செரிக்கும் உயிர்கள் மடிகின்றன. ரத்தத்திலிருந்து நீர் இரைப்பைக்குள் இழுக்கப்படுகிறது. அசை நிற்கிறது, புளித்த வாடையோடு கழிகிறது, மாடு தள்ளாடிப் படுத்துவிடுகிறது. ஓரிரு நாளில் உயிரே போகலாம். 2024 ஜூனில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் புரோட்டாவும் பலாப்பழமும் மிகுதியாகத் தின்ற 5 பசுக்கள் இறந்தது இப்படித்தான். குழைய வேகவைத்தால் நல்லது என்பது மனித வயிற்றின் கணக்கு.

கழுநீரும் கஞ்சியும் காலங்காலமாகக் கொடுத்தவர்கள்தானே நாம், மாட்டுப் பொங்கலுக்குப் பொங்கல் ஊட்டவில்லையா என்று கேட்கலாம். கழுநீர்த் தொட்டியில் இருந்தது பெரும்பாலும் தண்ணீர். ஊட்டியது ஒரு கைப்பிடி. அதுவும் பகலெல்லாம் மேய்ந்த மாட்டுக்கு. அந்தக் கைப்பிடி இன்று பாத்திரம் பாத்திரமாகிவிட்டதால்தான், கால்நடை மருத்துவர்கள் பொங்கலை ஒட்டி எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

கறவைக்காரர்களின் வாதம் இதைவிடக் கனமானது. கலப்பினப் பசு வெறும் வைக்கோலில் பால் கறக்காது. ரேஷன் அரிசியும் ஆரணி ஆலைகளின் நொய்யும் கையருகே கிடைக்கும்போது ஏன் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். அடர்தீவனம் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் தானியத்திலேயே மாடு கொழுக்க வைக்கும் அமெரிக்கப் பண்ணைகள்கூட மூன்று வாரம்போல் சிறுகச் சிறுகக் கூட்டித்தான் பழக்குகின்றன. இங்கே ஒரே வேளையில் ஒரு குண்டான் கொட்டுகிறோம். உடனே சாகாத மாட்டிலும் நட்டம் உண்டு: அமிலம் தொடர்ந்து சற்றே ஏறியிருந்தால் பாலில் கொழுப்பு குறையும், குளம்பு வீங்கி நொண்டும். கொழுப்பையும் இதரச் சத்தையும் அளந்து விலை போடுகிறது ஆவின். லிட்டர் கூடியும் காசு கூடவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் தொட்டியைப் பார்க்கட்டும். முதலில் வைக்கோல், பிறகு அடர்தீவனம், அதையும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து என்பதற்குக் கூடுதல் செலவில்லை.

உணவை எறிவது பாவம் என்ற வாதத்தை நான் எள்ளவில்லை. அந்தப் பாவத்தை மாட்டின் வயிற்றில் இறக்கி வைக்க வேண்டாம் என்கிறேன். மிச்சத்தை உரமாக்கலாம், எரிவாயுவாக்கலாம். தீபத் திருவிழாவில் அன்னதானத்துக்கு அனுமதியும் குறித்த இடமும் ஏற்கெனவே கட்டாயம். மிச்சத்தை மூடிய தொட்டியில் சேர்த்து அகற்றும் பொறுப்பையும் அந்த அனுமதியில் சேர்த்து, பௌர்ணமிக்குப் பௌர்ணமி நடைமுறைப்படுத்த வேண்டும். பசுவுக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஒரு கட்டு வைக்கோல் வாங்கிப் போடலாம். சோறு தின்ற மாடு வயிறு உப்பி அசைபோடாமல் நின்றால், கைவைத்தியத்தில் நேரம் கடத்தாமல் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழையுங்கள்.