பகல் விளக்கு

கார்த்திகை தீபம் வந்து போய்விட்டது. கோயில் வாசலில் சொக்கப்பனை எரிந்து சாம்பலாயிற்று. எங்கள் வீட்டுத் திண்ணையில் அகல்கள் கரியேறிக் கிடந்தன. மிஞ்சியிருந்த பொரி உருண்டைகளும் குழந்தைகளின் கைக்குப் போய் மறைந்துவிட்டன. அதற்கு மறு வாரம் பத்தாம் வகுப்பிலே ஒரு கேள்வி எழுந்தது.

கேட்டவன் பத்திரிகை படிக்கிற பையன். பத்திரிகை படிக்கிற பையன்களைக் கண்டால் உபாத்தியாயர்களுக்குச் சந்தோஷமும் உண்டு. சிறிது பயமும் உண்டு.

"ஸார், அமெரிக்க ஜனாதிபதியின் மாளிகையில் யூதர்களுடைய பண்டிகைக்கு விளக்கு ஏற்றுகிறார்களாமே! பாண்டு வாத்தியம் வேறு முழங்குகிறதாம். ராஜாங்கத்துக்கும் பண்டிகைக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் ஓட்டுக்காகத்தானே?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வி சிரித்துத் தள்ளிவிடக் கூடியதன்று. ஆகையால், அன்றைய இலக்கணப் பாடத்தை ஒத்தி வைத்தேன். அதில் மாணாக்கர்களுக்கு ஆட்சேபம் இல்லை.

அந்தப் பண்டிகைக்கு ஹனுக்கா என்று பெயர். கி. மு. 164-ஆம் ஆண்டில், அந்நிய அரசன் அந்தியோக்கஸின் படைகளிடமிருந்து யூதர்கள் தங்கள் ஜெருசலேம் ஆலயத்தை மீட்டார்கள். விளக்கேற்றப் பார்த்தபோது, தூய எண்ணெய் ஒரு நாளைக்கு மட்டுமே இருந்ததாம். அந்த ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது ஐதிகம். அதை நினைந்து முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று, எட்டாம் நாள் எட்டுச் சுடர்களை ஏற்றுகிறார்கள். மெனோரா என்னும் அந்தக் கிளை விளக்கில் ஒன்பதாவது சுடர் ஒன்றும் உண்டு. அதற்கு 'ஊழியன்' என்று பெயர். மற்ற விளக்குகளை ஏற்றுவது அதன் வேலை. ஏனெனில் அந்த எட்டுச் சுடர்களின் வெளிச்சத்தை எந்தக் காரியத்துக்கும் உபயோகிக்கக் கூடாது. அதில் கணக்கு எழுதக் கூடாது. புஸ்தகம் படிக்கக் கூடாது. பார்த்து மகிழ்வதற்கு மட்டுமே அது.

இன்னொரு விதியும் உண்டு. விளக்கை வீதியில் போகிறவர்கள் காணும்படி வாசலிலோ ஜன்னலிலோ வைக்க வேண்டும். ஆனால் ஆபத்துக் காலத்தில் வீட்டுக்குள்ளே மேஜைமேல் வைத்தால் போதும். இந்தச் சிறு சலுகைக்குள்ளே ஒரு ஜாதியாரின் நெடுஞ் சரித்திரம் அடங்கியிருக்கிறது. விளக்கு ஜன்னலில் இருக்கிறதா, மேஜைக்கு வந்துவிட்டதா என்று பார்த்தே அந்த ஊரின் யோக்கியதையைச் சொல்லிவிடலாம்.

1931-ஆம் வருஷம் டிசம்பரில், ஜெர்மனியில் கீல் என்ற நகரத்தில், ஒரு யூத குருவின் வீட்டு ஜன்னலில் இந்த விளக்கு இருந்தது. எதிர்ச் சாரியிலே நாஜிக் கட்சியின் கொடி தொங்கிற்று. குருவின் மனைவி ரேச்சல் போஸ்னர் இரண்டையும் ஒரே போட்டோவில் பிடித்து வைத்தார். 1933-இல் அக்குடும்பம் விளக்கோடு தேசத்தை விட்டு வெளியேறியது. 2022 டிசம்பரில் அதே விளக்கு ஜெர்மனிக்கு வந்தது. பெர்லினில் ஜனாதிபதி ஷ்டைன்மையரின் மாளிகையிலேயே, போஸ்னரின் சந்ததியார் முன்னிலையில், அது மறுபடியும் ஏற்றப்பட்டது. எந்த ராஜாங்கம் அணைக்கப் பார்த்ததோ, அந்த ராஜாங்கத்தின் வீட்டிலேயே!

அமெரிக்காவில் ஜனாதிபதி கார்ட்டர் 1979-இல் தம் மாளிகைக்கு அருகே நடந்த விளக்கேற்றும் வைபவத்திற்கு வந்தார். 2001-இல் ஜனாதிபதி புஷ் காலத்தில், மாளிகைக்குள்ளேயே ஹனுக்கா விருந்து முதன் முதலாக நடந்தது. இதிலே ஓட்டு ஆசை கலந்திருக்கலாம். இல்லையென்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை. ஆனால் ஓட்டு என்பதே இல்லாத காலத்துச் செய்தி ஒன்று நம் தேசத்தில் இருக்கிறதே, அதற்கு என்ன சொல்வது?

ஏறக்குறைய கி. பி. 1000-த்தில், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கொடுங்கல்லூர்ப் பக்கத்தில் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்கு ஒரு செப்பேடு வழங்கினான். நம் பாண்டி நாட்டுக் கல்வெட்டுக்களில் காணும் வட்டெழுத்தில், 'இசுப்பு இரப்பான்' என்று அவர் பெயர் அதிலே பொறிக்கப்பட்டிருக்கிறது. அரசன் அளித்த உரிமைகள் எழுபத்திரண்டு. வரி விலக்கு, பாவாடை, பல்லக்கு, குடை ஆகியவற்றோடு பறையும் காகளமும் உண்டு. பகல் விளக்கும் உண்டு. விளக்கும் வாத்தியமும் ராஜாங்கத்தின் கையிலிருந்தே கிடைத்தன!

பகலில் எதற்கு விளக்கு? வெளிச்சத்துக்காக அன்று, கௌரவத்துக்காக. காரியத்துக்கு உதவாத அந்த எட்டுச் சுடர்களுக்கும் இந்தப் பகல் விளக்குக்கும் உள்ள உறவை யோசித்துப் பாருங்கள்.

பின்னர் 1568-இல், கொச்சி ராஜா தம் மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுக்க, யூதர்கள் ஜெபாலயம் கட்டிக்கொண்டார்கள். அரண்மனைக் கோயிலுக்கும் அதற்கும் நடுவே ஒரே சுவர். 1662-இல் போர்த்துகீசியர் அதைப் பாழாக்கினார்கள், மறுபடி எழுந்தது. 1968 டிசம்பரில் அதன் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தியே வந்திருந்தார். தபால் இலாகா தலை வெளியிட்டது. அந்த மாதம் 15-ந் தேதி மாலையில்தான் அவ்வருஷத்து ஹனுக்காவின் முதல் விளக்கு. கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே இஸ்ரேலுக்குக் குடியேறிவிட்டார்கள். அங்கே பொறுக்கி எடுக்க எத்தனை ஓட்டு இருந்திருக்கும்? இன்று மட்டாஞ்சேரியில் வசிக்கும் யூதர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆனாலும் பழம் பெருமையில் நாம் மயங்கிவிடக் கூடாது. 2008 நவம்பரில் மும்பையில் பயங்கரவாதிகள் யூதர்களின் நரிமன் இல்லத்திலும் புகுந்து, குருவையும் அவர் மனைவியையும் கொன்றார்கள். அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தவள், அவ்வீட்டில் வேலை செய்த இந்தியப் பெண்மணி சாண்ட்ரா சாமுவேல். செப்பேட்டுக்கு ஆயிரம் வயதாகலாம்; அதைக் காப்பாற்றுகிற கடமை ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிது.

இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. வெகு திருப்தியோடு ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் ஒரு மாணாக்கன் கையில் கட்டுரை நோட்டுடன் வந்து நின்றான். கடைத்தெருவில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் ஜைனக் குடும்பத்துப் பையன். வகுப்பில் அந்தச் சமயத்தவன் அவன் ஒருவனே. வாய் திறந்து அதிகம் பேசமாட்டான்.

"ஸார், இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்றான்.

'நான் கொண்டாடிய தீபாவளி' என்ற கட்டுரை. தங்கள் வீட்டில் அன்று விளக்கேற்றுவது மகாவீரர் நிர்வாணம் அடைந்ததை நினைந்து என்று எழுதியிருந்தான். பட்டாசு இல்லை; நரகாசுரனும் இல்லை. அதன் கீழே சிவப்பு மசியில், 'தலைப்புக்குப் பொருந்தவில்லை' என்று எழுதியிருந்தது. பத்துக்கு மூன்று மார்க்கு.

கையெழுத்து என்னுடையதுதான்.

நேயர்களே, வருஷந்தோறும் மாணாக்கர்களைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துச் செல்கிறவன் நான். மலைக் குகையில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளைக் காட்டுவேன். தாமரைத் தடாகச் சித்திரத்தின் முன் நின்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சமணர்களிடம் எனக்குள்ள மரியாதைக்குக் குறைவே இல்லை. மூன்றாம் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த சமணன்தான் என் கண்ணில் படவில்லை. அவன் விளக்கை ஜன்னலில் கொண்டுவந்து வைத்தான். நான் மேஜைக்குத் தள்ளினேன்.

மறுநாள் அக்கட்டுரையை அவனே வகுப்பில் வாசித்தான். முதலில் குரல் தாழ்ந்திருந்தது. போகப் போகத் தெளிந்தது. பத்திரிகை படிக்கிற பையன் எழுந்து, உங்கள் வீட்டில் எத்தனை விளக்கு வைப்பீர்கள், நாங்கள் பார்க்க வரலாமா என்று கேட்டான். வரலாம் என்று பதில் வந்தது.

மார்க்கைத் திருத்திவிட்டேன். சிவப்பு மசி மட்டும் அந்தத் தாளில் இன்னும் இருக்கிறது.